480 கிலோ படகு, 1,500 கிலோ இழுதிறன்: கணக்கு எங்கே தவறுகிறது?

வாகனம் தொடர்பான வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கும் இப்பகுதியில், இந்த முறை படகை டிரெய்லரில் ஏற்றிக் காரில் இழுத்துச் செல்வது குறித்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நீலாங்கரை வாசகர் ஒருவர்: 17 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் படகு ஒன்றை டிரெய்லரோடு சேர்த்து வாங்கியிருக்கிறேன். அதில் 60 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்னால் வெளியே தொங்குவது) உள்ளது. படகின் விவரத்தாளில் எடை 480 கிலோ என்று அச்சிட்டிருக்கிறார்கள். என் எஸ்யூவியின் கையேட்டில், பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 1,500 கிலோ வரை, பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 750 கிலோ வரை இழுக்கலாம் என்று இருக்கிறது. என் டிரெய்லரில் பிரேக் இல்லை. ஆனாலும் 480 என்பது 750-க்குள் அடங்கிவிடுவதால், கோவளத்துக்கும் சமயங்களில் பழவேற்காட்டுக்கும் இழுத்துச் செல்லலாம் அல்லவா?

பதில்: இப்போதுள்ள நிலையில் இழுத்துச் செல்ல வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். கையேட்டில் உள்ள இரண்டு எண்களையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பலர் பெரிய எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வார்கள். தவறு 480 என்ற எண்ணில் இருக்கிறது. விவரத்தாளில் அச்சிடப்படும் எடை பெரும்பாலும் படகின் வெறும் உடலான கூட்டின் எடைதான். அதில் எஞ்சின், பெட்ரோல், பேட்டரி, நங்கூரம், டிரெய்லர் எதுவுமே சேராது.

உங்கள் படகை மனக்கண்ணில் நிறுத்தி ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்போம். கூடு 480 கிலோ. 60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஏறக்குறைய 110 கிலோ. 90 லிட்டர் பெட்ரோல் நிரப்பினால், லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்ற கணக்கில் 67 கிலோ. இரண்டு பேட்டரிகள் 40 கிலோ. நங்கூரமும் சங்கிலியும் கயிறும் 20 கிலோ. கட்டி போட்டு நிரப்பிய ஐஸ் பெட்டி 35 கிலோ. உயிர்காப்புச் சட்டை, தூண்டில், கருவிப் பெட்டி எல்லாம் சேர்ந்து 30 கிலோ. டிரெய்லரை எண்ணாமலே 782 கிலோ ஆகிவிட்டது. அதாவது உங்கள் வரம்பு இங்கேயே தாண்டப்பட்டுவிட்டது. இந்த நீளத்துக்கான இரும்பு டிரெய்லர் 260 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,042 கிலோ. பிரேக் இல்லாமல் இழுக்கக்கூடிய எடையைவிட இது கிட்டத்தட்ட 300 கிலோ அதிகம்.

இதுவும் உத்தேசக் கணக்குதான். பழைய ஃபைபர் படகுகளின் பின்பலகைக்குள்ளும் தரைக்கு அடியிலும் உள்ள ஒட்டுப்பலகையும் நுரையும் ஆண்டுக்கணக்கில் நீரை உறிஞ்சிக் கனத்துப் போயிருக்கும். அதை எந்தத் தாளும் சொல்லாது. சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவரின் படகை வெளியே எடுக்க உதவப் போயிருந்தேன். மேலே போர்த்தியிருந்த தார்ப்பாய் நடுவில் கிழிந்திருந்தது. அடியில் உள்ள டிரெயின் பிளக், அதாவது நீரை வெளியேற்றும் துளையின் அடைப்பான், மூடியே கிடந்தது. உள்ளே இறங்கியவுடன் கணுக்கால் நனைந்தது. மூன்று மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள தரையில் பத்து சென்டிமீட்டர் நீர் நின்றால் 360 லிட்டர், அதாவது 360 கிலோ. அதைக் கவனிக்காமல் கொக்கியில் மாட்டியிருந்தால், ஒரு சிறிய படகின் கூட்டுக்கு நிகரான எடையைத் தண்ணீராக இழுத்திருப்போம். படகு கரையில் இருக்கும் வரை பிளக் திறந்தே இருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, எடை மேடைக்குப் போவது. மணலும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் நிற்கும் எடை மேடைகள் சென்னையைச் சுற்றி எல்லாப் புறவழிகளிலும் உள்ளன. கடலுக்குப் போகும் நாளில் எப்படி ஏற்றுவீர்களோ, அப்படியே பெட்ரோல் நிரப்பி, எல்லாச் சாமான்களும் வைத்து, டிரெய்லரைக் கழற்றித் தனியாக மேடையில் நிறுத்தி எடை போட்டுச் சீட்டு வாங்குங்கள். வரம்பைத் தாண்டியிருக்கலாம் என்று சந்தேகம் இருப்பதால், அங்கே கொண்டுபோக உங்கள் காரைப் பயன்படுத்தாமல், போதிய திறனுள்ள வண்டி ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். அந்தச் சீட்டில் உள்ள எண்ணோடுதான் கையேட்டை ஒப்பிட வேண்டும்.

இரண்டாவதாக, டிரெய்லரின் டயர்களைக் குனிந்து பாருங்கள். உள்ளூர்ப் பட்டறைகளில் செய்யப்படும் டிரெய்லர்களில் சிறிய கார்களின் 12 அங்குலச் சக்கரங்களைப் போட்டுவிடுவது உண்டு. டயரின் பக்கச் சுவரில் 145/80 ஆர்12 என்று எழுதியிருக்கும். அதை அடுத்து 74 என்ற எண் இருந்தால், அந்த டயர் தாங்கக்கூடியது 375 கிலோ என்று பொருள். இரண்டு டயரும் சேர்ந்து 750 கிலோ. உங்கள் 1,042 கிலோவில் ஏறக்குறைய 100 கிலோவைக் காரின் கொக்கி தாங்கினாலும், மீதி 942 கிலோ சக்கரங்களின்மீது இறங்கும். ஒரு டயருக்கு 471 கிலோ. கிழக்குக் கடற்கரைச் சாலையின் மே மாத வெயிலில் அந்த டயர் வெடிப்பதற்கு வேறு காரணம் எதுவும் தேவையில்லை. 88 என்ற எண் கொண்ட டயர் 560 கிலோ தாங்கும். அதுபோன்ற டயரும், அதற்கு ஏற்ற அச்சும் பொருத்தப்பட வேண்டும்.

பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஏன் பாதி எடைதான் அனுமதிக்கிறார்கள் என்பதையும் விளக்கிவிடுகிறேன். எஞ்சினின் சக்தியைப் பொறுத்தவரை உங்கள் வண்டி ஒரு டன்னைச் சிரமமின்றி இழுத்துவிடும். முன்னால் போகும் ஷேர் ஆட்டோ திடீரென நிற்கும்போது, தன் எடையோடு பின்னால் இருக்கும் ஒரு டன்னையும் உங்கள் காரின் பிரேக்குகள் மட்டுமே நிறுத்தியாக வேண்டும். வளைவில் அது நேர்ந்தால், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, காரின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். இழுப்பது எளிது, நிறுத்துவதுதான் கடினம் என்பதைப் படகு வாங்கும் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஓவர்ரன் பிரேக் பொருத்தினால் உங்கள் பிரச்சினை தீரும். கார் வேகத்தைக் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளுமல்லவா, அந்தத் தள்ளலில் இணைப்பில் உள்ள தண்டு உள்ளே அமுங்கி, கம்பியை இழுத்து, டிரெய்லரின் சக்கரங்களைப் பிடிக்கும். அச்சையும் பிரேக்கையும் மாற்றிய பிறகு மீண்டும் எடை போடுங்கள். 1,100 கிலோவுக்குள் இருந்தால் 1,500 கிலோ வரம்பில் நல்ல இடைவெளி கிடைக்கும். நம் ஊர்ச் சூட்டையும் நெரிசலையும் எண்ணி, வரம்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போகாதீர்கள் என்பதே என் யோசனை. கடல்நீரில் இறங்கி ஏறும் பிரேக்கை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அது துருவேறி இறுகிவிடும்.

அடையாறு வாசகர் ஒருவர்: எடை வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் டிரெய்லர் வால் ஆட்டுவதுபோல் இடமும் வலமும் ஆடுகிறது. ஏன்?

பதில்: மொத்த எடை சரியாக இருந்தும், அது நிற்கும் இடம் தவறாக இருக்கலாம். டிரெய்லரின் முனை, காரின் டோ பால் எனப்படும் உருண்டையின்மீது அமுக்கும் எடையை முன்பளு என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முன்பளுவாக இருப்பது நல்லது. படகில் எஞ்சின் பின்கோடியில் தொங்குவதால், பெட்ரோல் டாங்கும் பேட்டரியும் அங்கேயே இருந்தால் பின்பாரம் கூடி முன்பளு குறைந்துவிடும். உங்கள் டிரெய்லர் ஆடுவதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

இதை அளக்க எடை மேடை அவ்வளவாக உதவாது. லாரிகளுக்கான மேடை பத்து பத்து கிலோவாகத்தான் காட்டும். சமதரையில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, உருண்டையின் உயரத்துக்கே இணைப்பு வரும்படி அதன்மேல் இறக்குங்கள். 900 கிலோ டிரெய்லரில் அந்தக் கருவி 30 கிலோ காட்டினால் விடை கிடைத்துவிட்டது. ஐஸ் பெட்டியையும் நங்கூரத்தையும் அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், மாற்றுங்கள். போதாவிட்டால், படகை டிரெய்லர்மீது இழுத்துக் கட்டும் வின்ச் தூணை முன்னால் நகர்த்திப் படகையே சற்று முன்னே தள்ள வேண்டும். அப்படித் தள்ளும்போது, எஞ்சின் தொங்கும் பின்பலகைக்கு நேர் கீழே தாங்குகட்டை இல்லாமல் போய்விடக் கூடாது.

முன்பளு மிகையாகவும் இருக்கக் கூடாது. பின்அச்சிலிருந்து உருண்டை 1.2 மீட்டர் தள்ளியும், காரின் இரு அச்சுகளுக்கு இடையே 2.75 மீட்டரும் இருந்தால், உருண்டையில் வைக்கும் 100 கிலோ, பின்அச்சில் 144 கிலோவாக இறங்கும். முன்அச்சிலிருந்து 44 கிலோவைத் தூக்கிவிடும். முன்சக்கர இழுவை உள்ள கார்கள் படகை நீரில் இறக்கும் ஈரமான சாய்தளத்தில் சக்கரம் சுழன்றபடி நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பளுவுக்கும் கையேட்டில் தனி வரம்பு உண்டு. காரின் சுமைத்திறனிலும் அது கழியும். 100 கிலோ முன்பளு இருந்தால், ஒன்றரை ஆளைக் காரில் ஏற்றியதாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஓடும்போது ஆட்டம் தொடங்கினால் காரின் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டியரிங்கால் எதிர்த்துத் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி தானாக வேகம் குறையும்படி விடுங்கள்.

வேளச்சேரி வாசகி ஒருவர்: மெல்பர்னில் இருக்கும் என் மகன், 3,500 கிலோ இழுக்கும் பிக்கப் வாங்கியிருப்பதாகவும், எந்தப் படகையும் மாட்டலாம் என்றும் சொல்கிறான். அது சரிதானா?

பதில்: ஆஸ்திரேலியாவில் டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம், 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருப்பதோடு, டிரெய்லர் கழன்றால் தானே பிடிக்கும் அமைப்பும் வேண்டும். அதைவிட முக்கியமாக, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு. அது 6,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,500 கிலோவைப் பின்னால் மாட்டினால் வண்டிக்கு மிஞ்சுவது 2,500. வெறும் வண்டியே 2,200 கிலோ என்றால், ஆட்களுக்கும் பொருள்களுக்கும் 300 கிலோதான். தலைக்கு 75 கிலோ வீதம் நான்கு பேர் ஏறினால், ஒரு பை வைக்கக்கூட இடமில்லை. இழுதிறன், மொத்த எடை வரம்பு, வெறும் வண்டியின் எடை ஆகிய மூன்று எண்களையும் சேர்த்துப் பார்க்கும்படி மகனிடம் சொல்லுங்கள்.

அங்கே விற்கும் ஒரு மாடலுக்கு உள்ள இழுதிறன், அதே பெயரில் இங்கே விற்கும் வண்டிக்கும் பொருந்தும் என்று கொள்ள வேண்டாம். குளிரூட்டும் அமைப்பு, பிரேக், கொக்கி பொருத்தும் இடம் ஆகியவை நாட்டுக்கு நாடு மாறலாம். இந்தியக் கையேட்டில் எண் இல்லையென்றால், அந்த வண்டியால் இழுக்கக் கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் வாசகர் ஒருவர்: ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில், டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் பொருத்தும் டோ பார் விலை குறைவாகக் கிடைக்கிறது. பொருத்திக்கொள்ளலாமா?

பதில்: அது எங்கே பொருந்துகிறது என்று படுத்துப் பாருங்கள். பம்பரின் தாங்கியில் போல்ட் போட்டால் அது அழகுக்கு மட்டுமே ஆகும். வண்டியின் சேசிஸில், தயாரிப்பாளர் குறித்த துளைகளில் பொருந்த வேண்டும். இழுக்கக்கூடிய எடையும் முன்பளு வரம்பும் அதன் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். வண்டி, டோ பார், உருண்டை, டிரெய்லரின் இணைப்பு ஆகிய நான்கில் எதன் வரம்பு மிகக் குறைவோ அதுவே உங்கள் வரம்பு. மேலும், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் வைத்திருப்பதால், அதற்கும் பதிவு தேவை. பணம் கொடுக்கும் முன், எடைச் சீட்டோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.