மார்ஃபின் கொடுத்தால் அப்பா அடிமையாகிவிடுவாரா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 67. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. வலிக்கு 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். ‘அது அபின், பழகிவிடும், கடைசி நேரத்தில்தான் கொடுப்பார்கள்’ என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். அபின் என்பது உண்மைதான். கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலில் இருப்பதுதான் மார்ஃபின். மற்ற இரண்டும் வீண் பயம். வலி எவ்வளவு கடுமை என்று பார்த்துத்தான் இதைத் தருகிறோம், ஆயுளைக் கணக்கிட்டு அல்ல. மருத்துவர் சொன்ன அளவில் புற்றுநோய் வலிக்கு எடுப்பவர்கள் போதைக்கு ஏங்குவது அபூர்வம். உடல் பழகும் என்பதால் திடீரென்று மட்டும் நிறுத்தக்கூடாது.

சாதாரண மாத்திரையின் பலன் ஏறக்குறைய நான்கு மணி நேரம். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். மெதுவாகக் கரையும் வகை என்றால் பொடிக்கவே கூடாது. பல மணி நேர மருந்து மொத்தமாக உடலில் இறங்கிவிடும்.

குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் தணியும். மலச்சிக்கல் தணியாது. வலி அடங்கியும் வயிறு உப்பி, சாப்பாடு இறங்காமல் தவிப்பவர்கள் உண்டு. கீரையும் வாழைப்பழமும் இதற்குப் போதாது. இசப்கோல் வேண்டாம், தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அதுவே குடலை அடைத்துவிடும். குடலைத் தூண்டும் மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே தர வேண்டும். சீட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அப்பா விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது சிறுநீரகத்தைப் பற்றி. புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர்ப் பாதை அடைபட்டால் மார்ஃபினின் கழிவுகள் வெளியேறாமல் உடலில் சேரும். சிறுநீர் குறைந்தாலோ, கைகால் வெட்டி வெட்டி இழுத்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவை மாற்றுவார். மதுவும், மருத்துவருக்குத் தெரியாத தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. எழுப்பியும் எழாமல், மூச்சு மிக மெதுவாகி, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கினால் அடுத்த வேளை மாத்திரையைத் தராமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். மருத்துவமனையில் முறிவு மருந்தாக நலாக்சோன் உண்டு.

எலும்பு வலிக்குக் கதிர்வீச்சும் கைகொடுக்கும், பலருக்கு ஒரே தடவையில். அதையும் கேட்டுப்பாருங்கள்.

மாத்திரையைப் பூட்டி வையுங்கள். எல்லா மருந்துக்கடையிலும் இது கிடைக்காது. கையில் நான்கைந்து நாளுக்கு மிச்சம் இருக்கும்போதே போய் வாங்கிவிடுங்கள்.