சிங்கப்பூர் வருகை அட்டை: பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிரப்புங்கள்

கேள்வி: மார்த்தாண்டம் அருகே வசிக்கிறோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க நானும் மனைவியும் 78 வயதான என் தாயாரும் ஜூன் 13 இரவு திருவனந்தபுரத்திலிருந்து புறப்படுகிறோம். விசா வந்துவிட்டது. வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும் என்கிறார்கள். தேடிப் பார்த்தால் ஒரு தளம் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கேட்கிறது. பக்கத்து பிரவுசிங் சென்டரில் கொடுத்துச் செய்யலாமா? அம்மாவுக்கு ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பாஸ்போர்ட்டில் வேறு தேதி. இடையில் ஒரு நாள் பக்கத்து மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கும் போய்வர எண்ணம். எங்கே தவறு நேரும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பணம் கேட்கும் அந்தத் தளத்தை இப்போதே மூடிவிடுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது. அந்நாட்டின் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையதளத்திலோ, அதன் மைஐசிஏ செயலியிலோ இலவசமாக நிரப்பலாம். தேடும்போது முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் விளம்பரங்கள். நிறமும் சின்னமும் அரசுத் தளம் போலவே இருக்கும். அதனால் முகவரியின் முடிவைப் பாருங்கள். தளத்தின் பெயருக்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் 'டாட் ஜிஓவி டாட் எஸ்ஜி' என்று முடிந்திருந்தால்தான் அது சிங்கப்பூர் அரசின் தளம். அதே எழுத்துகள் நடுவில் எங்கோ வந்து, கடைசியில் 'டாட் காம்' என்று முடிந்தால் அது வேறு யாரோ நடத்துவது. அங்கே போகும் சில நூறு ரூபாயை விட, உங்கள் மூவரின் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் சேர்வதுதான் எனக்குக் கவலை.

இந்த அட்டை விசா அல்ல; நாட்டுக்குள் நுழையும் முன் உங்கள் பயண விவரங்களைத் தெரிவிக்கும் இணையப் படிவம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூருக்கு விசா தனியாக வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. அட்டை ஆளுக்கு ஒன்று, கைக்குழந்தைக்கும் உண்டு. குடும்பமாகச் சேர்த்து நிரப்பவும் அதே தளத்தில் வழி இருக்கிறது.

எப்போது நிரப்புவது என்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். சென்று சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்கள்தான் கணக்கு. நீங்கள் இறங்குவது ஜூன் 14 என்றால், 12ஆம் தேதியிலிருந்து நிரப்பலாம். ஒரு மாதம் முன்பே முடித்துத் தருகிறோம் என்பவர்கள் உங்கள் விவரங்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இறங்குவது 14 என்று நான் எழுதியதைக் கவனியுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ நான்கரை மணி நேரப் பயணம். சிங்கப்பூர் நேரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. 13ஆம் தேதி இரவு ஏறினால் மறுநாள் காலையில்தான் இறங்குவீர்கள். டிக்கெட்டில் சேரும் நேரத்தின் அருகில் பொடி எழுத்தில் ஒரு கூட்டல் குறியும் ஒன்றும் போட்டிருக்கும். மறுநாள் என்பதற்கு அதுதான் அடையாளம். படிவம் கேட்பது வருகைத் தேதியை. புறப்படும் தேதியை அங்கே எழுதிவிடுவது நம் பக்கத்து இரவு விமானப் பயணிகள் மிக அதிகமாகச் செய்யும் தவறு.

பிரவுசிங் சென்டரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தட்டச்சு செய்து தர அவர்களால் முடியும். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் மின்னஞ்சல் என்ற கட்டம் வரும்போது, உங்களிடம் கேட்காமலே கடையின் முகவரியைப் போட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வாடிக்கையாளருக்குத் தன் முகவரி நினைவிருக்காது, கடவுச்சொல்லும் தெரியாது, வரிசையில் நான்கு பேர் நிற்பார்கள். இதில் மட்டும் இடம் கொடுக்காதீர்கள். சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. குடிநுழைவுச் சோதனை முடிந்ததும், எத்தனை நாள் தங்கலாம், எந்தத் தேதிவரை என்பதைச் சொல்லும் மின் அனுமதி, நீங்கள் வருகை அட்டையில் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. விசா எத்தனை மாதத்துக்கு இருந்தாலும், தங்கும் நாட்களைத் தீர்மானிப்பது அந்த அனுமதிதான். அது மார்த்தாண்டத்துக் கடையின் கணினியில் கிடந்தால், நீங்கள் அங்கே தேதி தெரியாமல் தங்கியிருப்பீர்கள். அனுமதித்த நாளைத் தாண்டித் தங்குவது சிங்கப்பூரில் குற்றம். அடுத்த முறை விசா கேட்கும்போதும் அது எதிரே வந்து நிற்கும். உங்கள் கைப்பேசியில் திறக்கும் மின்னஞ்சலையே மூவருக்கும் கொடுங்கள். அம்மாவுக்கென்று தனியாக ஒன்று தொடங்க வேண்டியதில்லை. கைப்பேசி எண்ணுக்கு நாட்டுக் குறியீடு தனிக் கட்டத்தில் இருந்தால், எண்ணின் முன்னால் மறுபடியும் 91 சேர்க்க வேண்டாம்.

அம்மாவின் பிறந்த தேதிக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் இது வீட்டுக்கு வீடு உள்ள சங்கதி. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு தேதி, பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் எழுதிய தேதி ஒன்று, ஆதாரில் மூன்றாவதாக ஒன்று. எது உண்மை என்ற விசாரணை இங்கே வேண்டாம். பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுதுங்கள். விசாவும் அதை வைத்துத்தான் வந்திருக்கிறது. ஆதார் அட்டையை அன்றைக்கு மேசையில் வைக்கவே வேண்டாம். எழுதியது சரியா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தில் அடியில் இரண்டு நீள வரிகள் இருக்கும். இரண்டாவது வரியில் 'ஐஎன்டி' என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் ஆறு இலக்கங்கள்தான் பிறந்த தேதி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. 480315 என்றிருந்தால் 1948 மார்ச் 15. படிவத்தில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

அதே வரியின் தொடக்கத்தில் பாஸ்போர்ட் எண் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் எண் என்பது ஓர் எழுத்தும் ஏழு இலக்கங்களும். எனவே முதல் இடத்துக்குப் பிறகு வட்டமாக எது தெரிந்தாலும் அது பூஜ்யம்தான், 'ஓ' அல்ல. எட்டு இடங்களுக்கு அப்பால் உள்ள கோணக்குறியும் அதையடுத்த இலக்கமும் இயந்திரம் சரிபார்ப்பதற்கானவை. அவற்றைச் சேர்த்து எழுதக்கூடாது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் பழைய பாஸ்போர்ட்டின் எண்ணும் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து எழுதுவதும், பழைய ஜெராக்ஸ் பிரதியிலிருந்து எழுதுவதும் நடக்கிறது. அசலைத் திறந்து, படமுள்ள பக்கத்தை மட்டும் பாருங்கள். அப்படியே காலாவதி தேதியையும் பார்த்துவிடுங்கள். ஆறு மாதமாவது செல்லுபடி மீதமிருக்க வேண்டும்.

பெயரில் நமக்குப் பழக்கதோஷம் ஒன்று உண்டு: கை தானாக இனிஷியலை எழுதிவிடும். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்திருக்கும்போது படிவத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டால், அது இரண்டு வெவ்வேறு ஆள் போலத்தான் தெரியும். குடும்பப்பெயர் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டுகளும் நம் ஊரில் ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா, வருகை விசாக்களில் வருவோரை அனுமதிக்க முடியாது என்று அறிவித்தபோது பட்ட பாட்டை வளைகுடாவில் ஆள் உள்ள வீடுகள் மறந்திருக்காது. சிங்கப்பூர் அட்டையில் அந்தத் தலைவலி இல்லை. முழுப்பெயருக்கு ஒரே கட்டம்தான். விசாவில் பெயர் எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறதோ அதே வரிசையில் எழுதுங்கள். வேறு பெயருள்ள பாஸ்போர்ட்டில் முன்பு சிங்கப்பூர் வந்ததுண்டா என்றும் ஒரு கேள்வி வரும். உங்கள் மனைவி திருமணத்துக்கு முன் அங்கே போயிருந்து, பிறகு பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரைச் சேர்த்திருந்தால், ஆம் என்று சொல்லுங்கள். மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. மறைத்தால்தான் கேள்வி எழும்.

தங்கும் முகவரி என்ற இடத்தில் 629 என்று தொடங்கும் நம் ஊர்ப் பின்கோடை எழுதிவிடுகிறார்கள். இரு நாட்டிலும் ஆறு இலக்கம் என்பதால் கண்ணுக்கும் உறுத்தாது. மகனிடம் அவர் வீட்டு அஞ்சல் குறியீடு, பிளாக் எண், மாடி எண், வீட்டு எண் நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கேட்டு எழுதினால் மாடியும் வீடும் இடம் மாறும். கடைசியாகப் புறப்பட்ட நகரம் என்றால் விமானம் ஏறிய நகரம்: நேர் விமானமானால் திருவனந்தபுரம், கொழும்பில் மாறினால் கொழும்பு. உடல்நலக் கேள்விகளைப் படிக்காமல் தட்டிக்கொண்டே போகாதீர்கள். காய்ச்சல் போன்ற அறிகுறிகளையும், ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளுக்கு அண்மையில் போனதுண்டா என்பதையும் கேட்பார்கள்.

அனுப்பியதும் ஒப்புகை மின்னஞ்சல் வரும். அதைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். கட்டாயமில்லை என்றாலும் அம்மாவுடையதை அச்சிட்டு அவர் பாஸ்போர்ட்டுக்குள் வைப்பது நல்லது. திருவனந்தபுரத்தில் போர்டிங் பாஸ் தரும் இடத்திலேயே கேட்கக்கூடும். பிழை கண்ணில் பட்டால் பதற வேண்டாம். பாஸ்போர்ட் எண்ணோ பிறந்த தேதியோ தவறியிருந்தால், புதிதாக ஒன்றை நிரப்பி அனுப்புங்கள். இலவசம்தானே. இறங்கிய பிறகு கவுன்டரில் சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஜொகூர் பயணத்துக்கு அதிக முன்யோசனை வேண்டும். ஒரே நாள் என்றாலும் அது வேறு நாடு. 2024 ஜனவரி 1 முதல் மலேசியாவுக்கும் தனி மின் வருகை அட்டை கட்டாயம். அதுவும் மூன்று நாட்களுக்குள், அதுவும் இலவசம். அரசுத் தளத்தின் முகவரி 'டாட் ஜிஓவி டாட் எம்ஒய்' என்று முடியும். இந்தியர்களுக்கு 30 நாள்வரை விசா இல்லாமல் மலேசியா செல்லும் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சிக்கல் திரும்பி வரும்போதுதான். உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஒருமுறைக்கானது என்றால் ஜொகூரை விட்டுவிடுங்கள். மாலையில் சிங்கப்பூர் எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நின்று வாதாட முடியாது. பலமுறைக்கானது என்றால், ஜூன் 14க்காக நிரப்பிய சிங்கப்பூர் அட்டை அன்றோடு முடிந்தது. ஜொகூரிலிருந்து திரும்பும் தேதியைப் போட்டு மூவருக்கும் புதிதாக அட்டை நிரப்ப வேண்டும். அதை முந்தைய இரவே மகன் வீட்டில் உட்கார்ந்து, மலேசிய அட்டையோடு சேர்த்து முடித்துவிடுங்கள்.