ரம்மி வழக்கு: அப்பீல் உண்டா?

கேள்வி: எங்கள் மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடியபோது போலீஸ் ரெய்டு. சூதாட்ட விடுதி நடத்தியதாகச் செயலாளரான எனக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு மாதச் சிறை. அப்பீல் போகலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: தாராளமாக. 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் போடுங்கள். கூடவே தண்டனையை நிறுத்திவைக்க ஒரு மனுவும். அதுசரி, 'ஃபைனோடு போய்விடும்' என்று யாரோ சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டீர்களா? அப்படியென்றால் தண்டனை அதிகமா, சட்டப்படி சரியா என்று மட்டும்தான் வாதாட முடியும்.

இல்லையென்றால் 1968 சத்தியநாராயணா வழக்குதான் உங்கள் ஜோக்கர். ரம்மி திறமை ஆட்டம். சீட்டுக்கும் மேசைக்கும் மன்றம் சிறு கட்டணம் வாங்கினாலே அது சூதாட்ட விடுதி ஆகிவிடாது என்றது உச்ச நீதிமன்றம். பந்தயப் பணத்தில் கமிஷன் எடுத்திருந்தால் கதை வேறு. கட்டணப் பதிவேடு, ரெய்டு மகஜர் (போலீஸ் சோதனையின்போது எழுதிய பதிவு) நகல் இரண்டையும் முதலில் வக்கீலிடம் காட்டுங்கள்.