பழைய பிரிட்டிஷ் தொழிலதிபர்களின் செப்பு டோக்கன்களைச் சேகரிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

1787இலிருந்து தொடங்குங்கள். 1775க்குப் பிறகு அரசு நாணயச்சாலை செப்புக்காசு அடிப்பதையே நிறுத்தியிருந்தது. புழக்கத்தில் இருந்ததில் பெரும்பகுதி கள்ளக்காசு. கூலி கொடுக்கச் சில்லறை இல்லை. அதனால் முதலாளிகளே காசுக்குப் பதிலாக டோக்கன்களை அடித்து வெளியிட்டார்கள்.

முதலில் வந்தது வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் இருந்த பாரிஸ் (Parys) செப்புச் சுரங்கத்தின் பென்னி. முன்பக்கம் ஓக் இலை மாலைக்குள் முக்காடிட்ட ட்ரூயிட் (பண்டைய கெல்டிய மக்களின்) பூசாரியின் முகம். மறுபக்கம், கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தருவோம் என்ற வாக்குறுதி. அதை எங்கே மாற்றலாம் என்பது விளிம்பில் இருக்கும்: லண்டன், லிவர்பூல், ஆங்கிள்சி. சுரங்கத்தின் சொந்தச் செம்பு என்பதால் எடையிலும் குறை வைக்கவில்லை. எனக்கு இதைவிட அழகான டோக்கன் கிடையாது.

அடுத்து, இரும்பு ஆலை அதிபர் ஜான் வில்கின்சனின் அரைப்பென்னி. அரசர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் தன் முகத்தையே போட்டுக்கொண்டார், என்ன துணிச்சல்! 1787ஆம் ஆண்டுக் காசின் பின்பக்கம் பெரிய சம்மட்டி இயந்திரத்தின் முன் ஒரு தொழிலாளி வேலை செய்வதைக் காணலாம்.

வாங்கும்போது விளிம்பை அவசியம் பாருங்கள். இவற்றுக்கும் அந்தக் காலத்திலேயே போலிகள் வந்துவிட்டன. எடை குறைவு, விளிம்பு எழுத்தும் பலசமயம் மாறியிருக்கும். விற்பவரிடம் டால்டன், ஹேமர் இருவரும் தொகுத்த டோக்கன் பட்டியலின் எண்ணைக் கேளுங்கள், ரகம் தெரிந்துவிடும். அப்புறம், புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தப் பழுப்பு நிறம் போனால் மதிப்பும் போய்விடும்.