கார் வைத்திருப்பவருக்கு 72,000 ரூபாய் வருமானச் சான்று எப்படிக் கிடைக்கிறது?

கேள்வி: எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் ஒருவர் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்று சான்று வாங்கி, கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் இலவசமாகப் படிக்க வைக்கும் 25 சதவீத ஒதுக்கீட்டில் மகனை எல்.கே.ஜி. சேர்த்துவிட்டார். வாசலில் கார் நிற்கிறது. என் தங்கை வீட்டில் கணவன், மனைவி இருவரும் கூலி வேலை. குலுக்கலில் அவர்கள் பிள்ளையின் பெயர் வரவில்லை. பள்ளி நிர்வாகமே வருமானத்தை விசாரித்து, பொய் சொன்னவர்களின் பிள்ளைகளை வெளியேற்றினால் என்ன?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் சொல்லும் இரண்டு வழிகளும் தவறானவை.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பையன் எந்தப் பிரிவில் சேர்ந்தான்? தமிழ்நாட்டில் இந்த ஒதுக்கீட்டுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. 'நலிவடைந்த பிரிவினர்' என்ற வாசலில்தான் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் கீழே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' என்ற வாசலில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லாரும் வருகிறார்கள். அங்கே சாதிச் சான்று போதும், வருமான வரம்பு கிடையாது. அந்தக் கடைக்காரர் சாதிச் சான்றிலேயே விண்ணப்பித்திருந்தால் பொய் சொல்ல வேண்டிய தேவையே அவருக்கு இருந்திருக்காது. அப்படியானால் நீங்கள் கேள்வி கேட்க வேண்டியது அவரை அல்ல, விதியை. சாதிப் பிரிவைத் தொடாமலே, அதற்குள் வருமானம் குறைந்த வீட்டுக் குழந்தைகளுக்கு முதலில் குலுக்கல் நடத்தலாம். இதை அரசு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவர் வருமானச் சான்றில்தான் சேர்ந்தார் என்றால், அது எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கிறார்கள். குடும்ப அட்டை, ஆதார், ஒரு சுய உறுதிமொழி போதும். கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரின் கையெழுத்துக்குப் போகிறது. மாதச் சம்பளக்காரரிடம் சம்பளச் சீட்டு கேட்பார்கள், அதனால் அவரால் எளிதில் மறைக்க முடியாது. கடைக்காரரிடமும் தரகரிடமும் வட்டிக்கு விடுபவரிடமும் கேட்க எந்தச் சீட்டும் இல்லை, அவர் வாய்ச்சொல்தான் கணக்கு. வி.ஏ.ஓ.வின் கையில் இருப்பது நிலப் பதிவேடு மட்டுமே. வங்கிக் கணக்கோ வண்டிப் பதிவோ ஜி.எஸ்.டி. விவரமோ அவர் கண்ணில் படாது. அம்மாவின் சம்பளத்தை விட்டுவிட்டு அப்பாவின் வருமானத்தை மட்டும் காட்டுவது, பிடித்தம் போகக் கையில் வருவதை மொத்தச் சம்பளமாகக் காட்டுவது, வாடகைக்கு விட்ட வீட்டிலிருந்து வரும் பணத்தை மறைப்பது ஆகியவை வழக்கமான ஓட்டைகள்.

72,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு நெடுங்காலம் இருந்த வரம்பு அதுதான். பிறகு அது 1,20,000 ஆனது. எந்தத் திட்டத்துக்கு என்ன வரம்போ அதற்குள் அடங்கும் ஒரு தொகையைச் சான்றில் எழுதுவது ஊரெங்கும் பழகிவிட்டது.

இதற்கு வரம்பே ஒரு காரணம். உங்கள் தங்கை வீட்டுக் கணக்கையே போட்டுப் பாருங்கள். கணவருக்கு நாள் கூலி 600 ரூபாய், மாதம் 22 நாள் வேலை என்றால் 13,200. மனைவிக்கு 350 ரூபாய், 20 நாள் என்றால் 7,000. ஆண்டுக்கு 2,42,400 ரூபாய். உண்மையைச் சொன்னால் இந்தக் குடும்பம் 'நலிவடைந்த பிரிவு' இல்லை! பத்தாண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நிற்கும் 2 லட்சம், கூலிக்காரரையும் பொய் எழுத வைக்கிறது. கூலிக்காரருக்காகக் கண்ணை மூடிக்கொள்ளும் அதே அதிகாரி கார்க்காரருக்கும் கண்ணை மூடிக்கொள்கிறார். வரம்பை நடப்புக் கூலிக்கு ஏற்ப உயர்த்தாமல் சோதனையை மட்டும் இறுக்கினால், முதலில் வெளியே போவது உங்கள் தங்கை வீடுதான்.

பள்ளி நிர்வாகம் விசாரிக்கக் கூடாது என்பதற்கும் இதே அக்கறைதான் காரணம். இந்த ஒதுக்கீட்டுக்கான கட்டணத்தை அரசு தாமதமாகத்தான் தருகிறது, அதனால் பல நிர்வாகங்கள் இந்த இடங்களை நிரப்ப விரும்புவதில்லை. வீட்டுக்கு வந்து விசாரிக்கும் அதிகாரத்தை அவர்கள் கையில் கொடுத்தால், டி.வி. இருக்கிறது, ஸ்கூட்டர் இருக்கிறது என்று ஏழைப் பிள்ளைகளைத்தான் கழிப்பார்கள். சேர்க்கையில் பெற்றோரையோ குழந்தையையோ தேர்வு வைத்து வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கதவைத் திறக்கவே கூடாது.

சரிபார்க்க வேண்டியது அரசு. அதற்கு வழியும் அரசிடமே இருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு எப்படித் தகுதி பார்த்தார்கள்? ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம், சொந்தக் கார், வருமான வரி, 50 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் காட்டும் ஜி.எஸ்.டி. என்று ஒவ்வொன்றையும் பதிவுகளோடு ஒப்பிட்டுக் கழித்தார்கள். மாதம் 1,000 ரூபாய்க்குச் செய்த ஒப்பீட்டை, ஒரு குழந்தையின் எட்டாம் வகுப்பு வரையான படிப்புக்கு ஏன் செய்யக் கூடாது? இப்போது குலுக்கலுக்கு முன் தகுதிப் பட்டியல் ஒட்டும்போது சான்று இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அந்தக் கட்டத்திலேயே பதிவுகளை ஒப்பிட வேண்டும். ஆனால் கணினி சொன்னதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. கடன் வாங்கி வாடகைக் கார் ஓட்டுபவரும் கார் உரிமையாளர்தான். மூன்று குடும்பங்களுக்கு ஒரே மீட்டர் இருக்கும் வீடுகளும் உண்டு. சந்தேகம் வந்த பெயருக்குக் காரணத்தை எழுத்தில் சொல்லி, பதில் சொல்லப் பதினைந்து நாளாவது தர வேண்டும்.

பிள்ளையை வெளியேற்றுவதா? நான்கு வயதுக் குழந்தை எந்த உறுதிமொழியிலும் கையெழுத்துப் போடவில்லை. 2023 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கைப் பார்த்தது. பொய்ச் சான்றில் மகனைச் சேர்த்த தந்தைக்கு 10 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தது. மாணவனை ஒதுக்கீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப்பிரிவு மாணவனாக, கட்டணம் கட்டி அங்கேயே தொடர அனுமதித்தது. இதுவே சரியான முறை. காலியான ஒதுக்கீட்டு இடத்தைக் காத்திருக்கும் அடுத்த குழந்தைக்கு உடனே கொடுக்கவும் வேண்டும்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது இது. தகவல் உரிமைச் சட்டத்தில் அவர் வருமானத்தைக் கேட்காதீர்கள், தனிப்பட்ட விவரம் என்று மறுத்துவிடுவார்கள். சான்று கொடுத்த வட்டாட்சியருக்கு மனு எழுதுங்கள், நகலை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். 'பணக்காரர்' என்று எழுதினால் குப்பைக்குப் போகும். கடையின் பெயர், முகவரி, வண்டி எண், பையன் சேர்ந்த பள்ளி, ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தங்கையின் குழந்தைக்கு வயது வரம்பு இடம் கொடுத்தால், அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்க்கை தொடங்கும் பள்ளிகளுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சாதிச் சான்று இருந்தால் அதைக் கொண்டே விண்ணப்பிக்கலாம், வருமானச் சான்றே வேண்டாம்.