மோட்டார்ஹோம் டயருக்கு எவ்வளவு காற்று? கேள்வி பதில்

பெரும்பாலும் வட அமெரிக்காவில் மோட்டார்ஹோம் (உள்ளேயே சமைத்துத் தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வைத்திருக்கும் உறுப்பினர்கள் கோடைப் பயணத்துக்கு முன் டயரின் காற்றழுத்தம் குறித்துக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஒன்டாரியோவில் பழைய ஃபோர்டு ஈ-450 வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறேன். டயரின் பக்கவாட்டில் 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் காற்றழுத்த அளவு) என்று அச்சிட்டிருப்பதால் டயர்க்கடையில் ஆறு டயர்களுக்கும் 80 அடித்துவிட்டார்கள். இது சரிதானா, ஐயா?

பதில்: பின் டயர்களுக்கு அது சரியாக அமையக்கூடும், முன் டயர்களுக்கு அநேகமாக மிகை. உங்கள் வண்டிக்குரிய எல்.டி. 225/75 ஆர்16 (டயரின் அளவு), லோட் ரேஞ்ச் ஈ (அதன் சுமைத் தரம்) டயரில் உள்ள அந்த வாசகத்தை முழுவதும் படித்தால், ஒற்றை டயராக (பக்கத்துக்கு ஒன்றாக) 2,680 பவுண்டு சுமக்க வேண்டுமானால் குளிர்ந்த நிலையில் 80 பி.எஸ்.ஐ. தேவை என்பதே அதன் பொருள் என்று தெரியும். உங்கள் முன் டயர் அவ்வளவு சுமக்கவில்லை என்றால், 80 அடிக்கும்போது டயரின் நடுப்பகுதி மட்டுமே சாலையில் நன்றாகப் பதியும். வண்டி குதிக்கும், ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் திறனும் குறையும். ஓட்டுநர் கதவருகே தயாரிப்பாளர் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள அளவு வேறு வகையானது. அச்சு (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் தண்டு) தன் முழு வரம்பு எடையைச் சுமந்தாலும் போதுமான காற்று அது. வண்டியை எடை போடும் வரை அந்த ஸ்டிக்கரைப் பின்பற்றுங்கள்.

கேள்வி: எடை போடுவது அவ்வளவு அவசியமா? எங்கே போடுவது?

பதில்: மிக அவசியம். ஒரே தயாரிப்பு, ஒரே ஆண்டு என்று இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், ஒன்றில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும், மற்றதில் பின்புறம் சைக்கிள்களும் ஜெனரேட்டரும் தொங்கும். ஒருவர் சொன்ன எண் இன்னொருவருக்குப் பொருந்தாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) நிறுவனத்தின் எடைமேடைகளில் முன் அச்சு, பின் அச்சு எடைகள் தனித்தனியாகச் சீட்டில் வரும். பயணத்தில் எப்படிப் போவீர்களோ அப்படியே, எரிபொருள், தண்ணீர், எரிவாயு, சாமான், ஆட்கள் எல்லாவற்றோடும் போய் நிறுத்துங்கள். இன்னும் நல்லது ஒவ்வொரு சக்கரத்தின் எடையையும் தனியாக அறிவது. எஸ்கேப்பீஸ் என்னும் மோட்டார்ஹோம் பயணிகள் சங்கத்தின் ஸ்மார்ட்வெய் திட்டத்தில் அதைச் செய்து தருகிறார்கள். சமையலறையும் குளிர்பெட்டியும் ஒரே பக்கத்தில் அமைந்துவிடும் இந்த வண்டிகளில் இடமும் வலமும் சமமாக இருப்பது அரிது என்பதால், அச்சின் மொத்த எடை எந்தப் பக்கம் கனம் என்பதை மறைத்துவிடுகிறது.

கேள்வி: தனித்தனியாக எடை போட்டுவிட்டேன், அண்ணா. முன்னால் இடம் 2,150, வலம் 2,000 பவுண்டு. பின்னால் பக்கத்துக்கு இரண்டாக இரட்டை டயர்கள். இடம் 4,600, வலம் 4,300. டயர் அளவு மேலே சொன்ன அதே எல்.டி. 225/75 ஆர்16 ஈ. கதவு ஸ்டிக்கரில் முன் அச்சு 5,000, பின் அச்சு 9,600, மொத்தம் 14,500 என்று இருக்கிறது. அடுத்து என்ன செய்வது?

பதில்: முதலில் வரம்பைப் பாருங்கள். முன் 4,150, பின் 8,900, மொத்தம் 13,050. மூன்றும் வரம்புக்குள் இருக்கின்றன. வரம்பை மீறியிருந்தால் எவ்வளவு காற்று அடித்தாலும் தீர்வாகாது, சாமானை இறக்கத்தான் வேண்டும்.

அடுத்தது டயர் நிறுவனம் வெளியிடும் சுமை-அழுத்த அட்டவணை. ஓர் அச்சில் கனமான பக்கத்தை எடுத்துக்கொண்டு, அதற்குத் தேவையான அழுத்தத்தை அந்த அச்சின் எல்லா டயர்களுக்கும் வைக்க வேண்டும். முன்னால் கனமான பக்கம் 2,150. ஒற்றை டயருக்கான வரிசையில் 55 பி.எஸ்.ஐ. 2,060 பவுண்டையும், 60 பி.எஸ்.ஐ. 2,190 பவுண்டையும் தாங்கும். 60 போதும் என்றாலும் மிச்சம் 40 பவுண்டுதான். அதனால் நான் 65 வைப்பேன், அது 2,335 தாங்கும்.

பின்னால் இடப்பக்கத்து 4,600 பவுண்டை இரண்டு டயர்கள் பகிர்வதால் ஒன்றுக்கு 2,300. இங்கே இரட்டை டயருக்கான வரிசையைத்தான் பார்க்க வேண்டும். ஜோடியில் உள்ள டயருக்கு அனுமதித்த சுமை ஒற்றை டயரைவிடக் குறைவு. 75-இல் 2,330, 80-இல் 2,470. வெறும் அச்சு எடையை நான்கால் வகுத்திருந்தால் 2,225 என்று வந்து, 75-இல் தாராளமாக இடமிருப்பதாக நினைத்திருப்பீர்கள்; உண்மையில் இடப்பக்கத்தில் எஞ்சுவது 30 பவுண்டு. ஆகவே பின்னால் 80. கருவிப்பெட்டி போன்ற கனமான சாமான்களை வலப்பக்க அறைக்கு மாற்றவும் முயலுங்கள்.

கேள்வி: காலையில் 75 இருந்தது, அரிசோனா வெயிலில் இரண்டு மணி நேரம் ஓட்டியபின் 87 காட்டுகிறது. கொஞ்சம் இறக்கிவிடலாமா?

பதில்: தயவுசெய்து இறக்காதீர்கள். அட்டவணையின் எண்கள் யாவும் குளிர்ந்த டயருக்கானவை. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறுவது கணக்கில் சேர்ந்த விஷயம். சூட்டில் இறக்கினால் மறுநாள் காலை டயர் தேவைக்குக் குறைவான காற்றோடு கிளம்பும், பக்கவாட்டு அதிகமாக மடங்கும், மேலும் சூடேறும். டயர் வெடிப்புக்கு வழிவகுப்பது இந்தச் சூடுதான். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றபின், வெயில் படுவதற்கு முன் அளந்து பாருங்கள். இந்த அழுத்தங்களில் வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் மாறினால் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. மாறும்.

கேள்வி: டென்வர் போன்ற உயரமான ஊருக்குப் போனால்?

பதில்: வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு என்பதால் மானி 2 அல்லது 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். ஆனால் மலைக் காலையின் குளிர் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடும். சில நாட்கள் அங்கேயே தங்குவதானால், ஒரு காலையில் அளந்து சரிசெய்தால் போதும்.

கேள்வி: பின்பக்க உள் டயரை எட்டவே முடியவில்லை. வெளி டயரைப் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது, சகோதரி. உள் டயரில் காற்று இறங்கினால் அதன் சுமையை வெளி டயர் வெளியே தெரியாமல் சுமக்கும். நீங்கள் கவனிப்பதற்குள் இரண்டும் கெட்டுவிடும். தட்டிப் பார்த்து அறிவதையும் நம்ப வேண்டாம். வால்வுக்கு உலோக நீட்டிப்புக் குழாய் பொருத்துங்கள். அமெரிக்காவில் அழுத்தக் கண்காணிப்புக் கருவியைக் கட்டாயமாக்கிய விதி 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் இரட்டைப் பின்சக்கர வண்டிகளுக்கும் பொருந்தாது. எனவே உங்கள் வண்டியில் அது இருக்கும் என்று எண்ணாமல் தனியாக வாங்கிப் பொருத்துங்கள். வைக்க வேண்டிய அளவைவிட 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்த நிலையில் ஓடிய டயரை மீண்டும் காற்றடித்து ஓட்டக்கூடாது. கழற்றி, உள்ளே சேதம் உண்டா என்று கடையில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: லண்டனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வண்டியின் டயரில் சி.பி. என்று இருக்கிறது. இந்த அட்டவணை பொருந்துமா?

பதில்: பொருந்தாது. சி.பி. என்பது மோட்டார்ஹோமுக்கென்றே ஐரோப்பிய முறையில் செய்த டயர். பின் அச்சில் 5.5 பார் (ஐரோப்பாவில் வழங்கும் அழுத்த அலகு), அதாவது 80 பி.எஸ்.ஐ. அளவுக்கு வைப்பது வழக்கம். முன் அச்சுக்கு எடைச் சீட்டோடு அந்த டயர் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். வால்வு உலோகத்தால் ஆனதா என்றும் பாருங்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்குமே உரியது.