டர்போ ஆயில் டிரெய்னுக்கு எந்த ஃபிட்டிங்? முதலில் வாட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரில் என் பழைய பெட்ரோல் காருக்கு டர்போ போடுகிறேன். டர்போவுக்குள் ஆயில் வரும் ஃபீடுக்கு ஏ.என். (ஹோஸ், ஃபிட்டிங் அளவு முறை) 4-ம் நம்பர் லைன் வாங்கியாயிற்று. ஆயில் திரும்பி வடியும் டிரெய்னுக்கு 6 போதுமா, 8 வேண்டுமா, 10 வேண்டுமா? எந்த பிராண்ட் நல்லது?

10 வாங்குங்கள். பிராண்டைப் பற்றிக் கடைசியில் கவலைப்படலாம்.

இதோடு முடித்துவிடலாம்தான். ஆனால் நான் 8 போட்டு, இரண்டு மாதம் சில்க் போர்டு சிக்னலில் பின்னால் நின்ற பைக்காரர்களிடம் திட்டு வாங்கியவன். ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிஷம் ஐடிலில் நின்று கிளம்பினால் நீலப் புகை மண்டும். டர்போ ரிப்பேர் கடையில் "சீல் போயிடுச்சு" என்று சொல்லிப் பிரித்து மாட்டிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் மறுபடி அதே புகை.

கடைசியில் பீன்யாவில் லேத் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். காரைத் தூக்கச் சொல்லி, கீழே படுத்து ஒரே ஒரு பார்வைதான் பார்த்தார். "தம்பி, பாத்ரூம் கட்டும்போது கொத்தனார் தரைக்கு வாட்டம் விடுவாரு பாத்திருக்கியா? உன் பைப்புல அது எங்கப்பா?" என்றார். பைப் டர்போவிலிருந்து இறங்கி, எக்ஸாஸ்டைச் சுற்றிக்கொண்டு, நடுவில் தூளி மாதிரி தொங்கி, மறுபடி மேலே ஏறி சேம்பருக்குள் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) போய்க்கொண்டிருந்தது.

ஃபீட் லைனில் எஞ்சினின் ஆயில் பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளுகிறது. அதனால் கால் அங்குலக் குழாயே தாராளம். அந்த அழுத்தமெல்லாம் பேரிங்கைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றக்கூடிய ஷாஃப்ட் அது. கீழே விழும் ஆயில், டபராவில் தூக்கி ஆற்றிய காபி போல நுரைத்துத்தான் வரும். நுரைக்கு இடம் அதிகம் வேண்டும், தள்ளிவிடவோ ஆள் இல்லை. தன் எடையால் தானே இறங்க வேண்டும். டிரெய்ன் லைனைப் பைப் என்று நினைக்காமல் வாய்க்கால் என்று நினைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வடியாத ஆயில் டர்போவின் நடுப்பகுதியில் தேங்கும். அங்கே இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு உலோக வளையம். ஆயில் வடிந்துகொண்டே இருக்கும்வரைதான் அதனால் தடுக்க முடியும். தேங்கினால் டர்பைன் பக்கம் கசிந்து எரிந்து புகையாகும். அதாவது நான் காசு கொடுத்து மாற்றிய சீலில் ஒரு குற்றமும் இல்லை.

ஆகவே முதலில் வழி. டர்போவின் டிரெய்ன் வாய் நேர் கீழ்நோக்கி இருக்கட்டும். சாய்க்கத்தான் வேண்டுமென்றால் முப்பது டிகிரிக்குள் வையுங்கள். லைன் முழுக்க இறக்கம்தான், ஓரிடத்திலும் தொங்கலோ ஏற்றமோ கூடாது. சேம்பரில் நுழையும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். சேம்பரைக் கழற்றி, கழுவி, வெளியே வைத்துத்தான் ஓட்டை போட்டு வெல்டு வைக்க வேண்டும். வண்டியிலேயே டிரில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இரும்புச் சுருள் ஒன்று ஆயிலோடு போனால் போதும், எஞ்சின் காலி.

அப்புறம் சைஸ். ஏ.என். நம்பர் என்பது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 10 என்றால் 5/8 அங்குலம், ஏறக்குறைய 16 மி.மீ. அதுவும் குழாயின் வெளிவிட்டம். ஆயில் போகும் துளை அதைவிடச் சின்னது, எல்போவில் இன்னும் சின்னது. பெரியவர் என் எல்போவைக் கழற்றி, 10 மி.மீ. டிரில் பிட்டின் தண்டை அதன் வாயில் விட்டுக் காட்டினார். நுழையவே இல்லை. கடைக்குப் போகும்போது 12 மி.மீ. பிட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அது தடையில்லாமல் போகும் ஃபிட்டிங்கை மட்டும் எடுங்கள். 90 டிகிரி எல்போவைத் தொடாதீர்கள். வளைவு தேவைப்பட்டால் 45 போதும், அதுவும் வளைத்த குழாயால் ஆனதாக இருந்தால் நல்லது. இடம் இருந்தால் 12-ம் நம்பரும் போடலாம், பெரிதாக இருப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை.

நம் ஊரில் காலை வாரும் விஷயம் மரைதான். ஜே.சி. ரோட்டில் அரை அங்குல அடாப்டர் கேட்டேன், கொடுத்தார்கள். டர்போவின் டிரெய்ன் வாயில் மாட்டும் என் ஃபிளாஞ்சில் இருந்தது என்.பி.டி. என்ற அமெரிக்க மரை, கடைக்காரர் கொடுத்தது பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் மரை. அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் சுகமாக ஏறியது, இரண்டு மூன்று சுற்றில் இறுகியும் போயிற்று. ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. எவ்வளவு டேப் சுற்றினாலும் வியர்த்துக்கொண்டே இருக்கும். கீழே எக்ஸாஸ்ட் இருக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏ.என். ஃபிட்டிங் கிடைக்காவிட்டால் ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் ஜே.ஐ.சி. என்ற வகை ஃபிட்டிங்கைக் கேளுங்கள். அதே 37 டிகிரி கூம்பு, 10-க்கு அதே 7/8 அங்குல, 14 மரை. இரும்பு என்பதால் கனம் அதிகம், உழைப்பும் அதிகம். என் காரில் இப்போது இருப்பது அதுதான். பித்தளையில் ஒன்றைக் காட்டி "இதுவும் சேரும்" என்றால் கவனம். மரை சேரும், ஆனால் அது 45 டிகிரி கூம்பாக இருக்கலாம், உட்காராது. கூம்பு உட்காரும் இடத்தில் டேப் எதுவும் சுற்ற வேண்டாம்.

ஹோஸ் விஷயத்தில் ஒன்றே ஒன்று: பளபளவென்று நீலத்தில் வரும் சாதாரண சிலிகான் ஹோஸை ஆயிலுக்குப் போடாதீர்கள், ஊறிக் கசியும். டெஃப்லான் உள்குழாயும் ஸ்டீல் பின்னலும் உள்ளதை வாங்கி, மேலே வெப்ப உறை மாட்டுங்கள். ஃபிளாஞ்சுக்கு கேஸ்கட் மட்டும் போதும். பேஸ்ட்டை அப்பினால் அது உள்ளே பிதுங்கி, பாடுபட்டு வாங்கிய துளையை அடைத்துக்கொள்ளும்.

எல்லாம் சரியாகப் போட்டும் புகை வந்தால், டர்போவைக் கழற்றுமுன், சேம்பரில் சேரும் காற்றை வெளியே விடும் பி.சி.வி. வால்வைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் சேம்பருக்குள் காற்றழுத்தம் ஏறி, ஆயில் இறங்கவிடாமல் தள்ளும்.

உங்கள் டர்போ சேம்பரின் ஆயில் மட்டத்தைவிட எவ்வளவு உயரத்தில் உட்காருகிறது என்று அளந்து எழுதுங்கள். அது மட்டத்துக்குச் சமமாகவோ கீழேயோ இருந்தால் மேலே எழுதியது எதுவும் செல்லாது, ஆயிலை உறிஞ்சி எடுக்கத் தனி பம்ப் வேண்டியிருக்கும்.